மாட்டின் மேல் பறந்த கத்தி

எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து ஓஸ்னே வீடு எது என்று கேட்டால், எந்த ஓஸ்னே என்று திருப்பிக் கேட்பார்கள். வால்காரி ஓஸ்னே என்று சொல்லிப் பாருங்கள். புல் வாரிக்கொண்டிருப்பவன்கூட வாரியைக் கீழே போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மேட்டு வீட்டைக் கை காட்டுவான். அவளுக்கு இதில் துளியும் கோபம் கிடையாது. தலை முழுக்க நரைத்துவிட்ட இந்த வயதிலும், விவரம் தெரியாத யாராவது "ஓஸ்னேயம்மா" என்று பவ்யமாகக் கூப்பிட்டால், "எந்த ஓஸ்னே? வாலோட சேத்துச் சொல்லு" என்பாள். மேற்குப் பள்ளத்தாக்குத் தேவாலயத்தில் நடந்த கூத்தில் வந்த பெயர் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதிதான் சரி. முழுக்கதை எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு அடுத்த மேடு எங்களுடையது. எனக்குத் தெரியாமல் அங்கே பால் பொங்கிக்கூட வழிய முடியாது.

அப்போது அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு ஆள் வராமல் இல்லை. வந்தவனையெல்லாம் அவள் வாயே துரத்திவிட்டது. ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து நெய் மிதக்கும் கஞ்சியைக் குடித்தான். "மீசை குடிச்சது போக உனக்கும் ஏதாவது மிஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டாள். அவன் அடுத்த வாரமே வேறு வீட்டில் பெண் பார்த்துவிட்டான். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் மிச்சக் கஞ்சியைத் தான் குடித்துவிட்டு மாடு கறக்கப் போனாள்.

அப்பா போனபின் பண்ணை தம்பி நேரிக்கு வந்தது. ஓஸ்னேக்கு வந்தது ஒரு மாடு. பெயர் லித்தாகோ. வெள்ளை வெளேரென்று, காது மட்டும் செம்பட்டையாக, கொம்பே இல்லாமல், பார்த்தால் கண் எடுக்கத் தோன்றாத மாடு. அது இருக்கிறவரை ஓஸ்னே அந்த வீட்டில் சொந்த மாடு உள்ள மனுஷி. அவள் வெண்ணெய் அவளுடையது, அவள் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. அது போய்விட்டால் தம்பி பெண்டாட்டியின் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், தம்பி பெண்டாட்டிக்கும் நன்றாகத் தெரியும்.

கோடை முழுக்க ஓஸ்னே மலைப்பட்டியில், அதாவது மேலே மேய்ச்சல் நிலத்துக் குடிசையில் இருப்பாள். கறப்பாள், கடைவாள், பாலாடைக்கட்டி காய்ச்சுவாள். சாயங்காலம் பாறை மேல் ஏறி நின்று மாடுகளை அழைப்பாள். அந்தக் குரல் இருக்கிறதே! மேலே போய், இன்னும் மேலே போய், மூன்று முகடு தாண்டி விழும். வாயைத் திறந்தால் ஊரை வைகிறவளுக்கு ஆண்டவர் ஏன் இப்படி ஒரு குரலைக் கொடுத்தாரோ, தெரியாது. மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடிவரும். எல்லாவற்றுக்கும் முன்னால் லித்தாகோ வரும்.

மலைப்பட்டிக்கு ஒரு கணக்கு உண்டு. கோடையில் அது நம்முடையது. இலை பழுக்கத் தொடங்கியதும் குறித்த நாளில் காலி செய்துவிட வேண்டும். அன்றைக்கே காணாச் சனம் குடிவந்துவிடும். காணாச் சனம் என்றால் மலைக்குள் இருக்கிறவர்கள். நம்மைப் போலவே வீடும் வாசலும் மாடும் கன்றும் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள். அவர்கள் பெண்களை ஹுல்டர் என்போம். அழகென்றால் அப்படி ஒரு அழகு. பாவாடைக்குள் மாட்டு வால் இருக்கும், அது ஒன்றுதான் குறை. நம் நாள் முடிந்த பிறகும் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? நீங்களானாலும் விடமாட்டீர்கள்.

அந்த வருஷம் இறங்குகிற நாளில் மூடுபனி கொட்டியது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. மாடுகளைக் கூட்டிச் சேர்த்துப் பார்த்தால் லித்தாகோவைக் காணோம். அதன் கழுத்து மணிச் சத்தமும் இல்லை. ஓஸ்னே தொண்டை கட்டும்வரை அழைத்தாள். பனி அந்தக் குரலையும் விழுங்கிவிட்டது.

"அக்கா, வா போலாம். வெளிச்சம் போவுது" என்றான் நேரி.

"என் மாடு இல்லாம நான் வரமாட்டேன்."

"அவங்க வர்ற நேரம்க்கா! ஒரு மாட்டுக்காக என் புள்ளைங்களை அப்பனில்லாம ஆக்கப் பாக்கறியா?"

"நீ போனா புள்ளைங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. ஒரு கஞ்சிக் கிண்ணம் மிஞ்சும்."

வாய் அப்படிப் பேசினாலும் அவளும் பயந்தவள்தான். காணாச் சனம் விஷயத்தில் அவள் விளையாடமாட்டாள். மற்ற மாடுகளும் பனியில் சிதறத் தொடங்கியதால் வேறு வழியில்லாமல் இறங்கினாள். வீட்டில் தம்பி பெண்டாட்டி, "அதுக்கென்ன அண்ணி, நம்ம மாடெல்லாம் இருக்கே" என்றாள். அந்த 'நம்ம' ஓஸ்னேயின் நெஞ்சில் போய்த் தைத்தது.

பனி விலகிய அன்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். முதுகில் ரொட்டிப் பை, கையில் பின்னிக்கொண்டே நடக்க ஒரு காலுறை. நேரி வேலிவரை ஓடிவந்து, "வேணாம்க்கா! உன்னையும் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க!" என்று கத்தினான்.

"ஒரு வாரத்துல அவங்களே கொண்டுவந்து விட்டுருவாங்கடா, பயப்படாதே" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

மலைப்பட்டிக் கதவை மூன்று முறை தட்டினாள். உள்ளே போகவில்லை. "மன்னிச்சுக்கணும். உங்க நாள்தான், தெரியும். மாட்டைத் தேடி வந்தேன், தேடிட்டுப் போயிடறேன். அடுப்புப் பக்கத்துல கொஞ்சம் வெண்ணெய் வச்சிட்டுத்தான் போயிருக்கேன், எடுத்துக்கங்க" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்பக்கச் சரிவுக்குப் போனாள்.

முதலில் கிடைத்தது மணி. வார் இற்றுப்போய் ஒரு புதரில் தொங்கியது. கொஞ்சம் தள்ளிக் குளம்படி. குளம்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆணின் செருப்படி. அதற்கு அந்தப் பக்கம், செடிக்குள் குத்திட்டு நின்றது ஒரு கத்தி.

ஓஸ்னே அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் செருகுகிற சாதாரணக் கத்திதான். கைப்பிடியில் கலைமான் கொம்பை வளையமாகப் பதித்திருந்தார்கள். அப்படிப் பதிப்பது மேற்குப் பள்ளத்தாக்குக்காரர்கள் மட்டும்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காணாச் சனத்து மாட்டைக் கண்டால், அதன் முதுகுக்கு மேலாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இரும்பை வீச வேண்டும். இரும்பு தாண்டிவிட்டால் மாடு உங்களுடையது. அவர்களாலும் திருப்பிக் கேட்க முடியாது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம் இது.

"அடப்பாவி!" என்று வாய்விட்டே கத்தினாள். "என் லித்தாகோ மேலயா இரும்பு போட்ட?"

யோசித்துப் பார்த்தால் அந்த மனிதன் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன மலைப்பட்டி. சுற்றிலும் பனி. அதற்கு நடுவில் மணியும் இல்லாமல், பண்ணை அடையாளம் சுடக் கொம்பும் இல்லாமல், பாலில் குளித்ததுபோல ஒரு மாடு நின்றால் யார்தான் மனுஷ மாடு என்று நினைப்பார்கள்? ஓஸ்னேக்கு ஆத்திரத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. கத்தியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மணியைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இறங்குவதற்குள் காற்று அவள் பின்னலை அவிழ்த்துவிட்டது. முதல் குடிசைக்கு மேலே உள்ள பாறையில் நின்றபோது கீழே ஒரு கொட்டகையிலிருந்து 'ம்மா' என்று கேட்டது. ஆயிரம் மாட்டுக்கு நடுவிலும் அவளுக்கு அந்தக் குரல் தெரியும். தலையைத் தூக்கி அழைத்தாள். பல நாளாக நெஞ்சில் கட்டி வைத்திருந்த அழைப்பு. பள்ளத்தாக்கே நிமிர்ந்து பார்த்திருக்கும். கொட்டகைக் கதவு படாரென்று உடைந்தது. லித்தாகோ வாலைத் தூக்கிக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி மேட்டில் ஓடிவந்து அவள் கழுத்தை நக்கியது. ஓஸ்னே அதைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், வைதாள்.

குடிசை வாசலில் ஒரு பெண்மணி பால் வாளியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சிக்னே. மலையிலிருந்து விரித்த கூந்தலோடு ஒருத்தி வருகிறாள். மனிதத் தொண்டையால் முடியாத ஒரு அழைப்பு அழைக்கிறாள். மாடு கதவை உடைத்துக்கொண்டு அவளிடம் ஓடுகிறது. சிக்னே வாளியைப் போட்டுவிட்டு அலறினாள்.

"தல்லாக்! டேய் தல்லாக்! மாட்டுக்காரி வந்துட்டாடா!"

கூரை வேய்ந்துகொண்டிருந்தவன் குதித்து இறங்கினான். சிக்னேயின் மகன் தல்லாக். நெட்டையாக, எலும்பும் தோலுமாக, வெட்கம் பிடித்த முகத்தோடு இருந்தான். இடுப்பில் வெறும் கத்தியுறை தொங்கியது. அதைப் பார்த்ததுமே ஓஸ்னே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மாட்டை எதுக்கு ஓட்டிட்டு வந்தே?" என்றாள்.

தல்லாக் தொப்பியைக் கழற்றினான். "வாங்க அம்மணி. தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க."

பிறந்ததிலிருந்து ஓஸ்னேயை யாரும் அம்மணி என்று கூப்பிட்டதில்லை. ஹுல்டரிடம் மரியாதையாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் குடி கெடும் என்று வளர்க்கப்பட்டவன் அவன். அது அவளுக்கு உடனே புரியவில்லை.

"அது என் மாடு."

"தெரியும் அம்மணி. உங்க மாடுதான். ஆனா இரும்பு போட்டாச்சுங்களே. சட்டம் உங்களுக்கும் தெரிஞ்சதுதானே?"

"எந்தச் சட்டம்? நான் மனுஷிடா!"

"சரிங்க அம்மணி" என்றான் தல்லாக், பெரியவர்கள் சொன்னால் மறுக்கக்கூடாது என்பதுபோல.

அதற்குள் சிக்னே மெதுவாக அவள் முதுகுப் பக்கம் போகப் பார்த்தாள். ஓஸ்னே அவளோடு திரும்பினாள். சிக்னே இன்னும் சுற்றினாள். ஓஸ்னேயும் சுற்றினாள். இரண்டு பேரும் அந்த வாசலில் ஒரு முழு வட்டம் போட்டார்கள்.

"என்னம்மா தேடறீங்க?"

"கோவிச்சுக்காதே தாயி" என்றாள் சிக்னே. "சுருட்டிச் சொருகி வச்சிருக்கியா, இல்ல தொங்கவிட்டிருக்கியா?"

ஓஸ்னே கத்தியை எடுத்துக் காட்டினாள். இது உன் கத்திதானே, எங்கள் மலைப்பட்டிக்குப் பின்னால் கிடந்தது என்றாள். கூட்டம் கூடிவிட்டிருந்தது. "பாத்தீங்களா! போட்ட இரும்பையே கொண்டுவந்துட்டா!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சிழுத்தார்கள். கிழக்குப் பள்ளத்தாக்கு நேரியின் அக்கா என்றாள். ஹுல்டர் எப்போதும் நம் ஆள் பெயரைத்தான் சொல்லிக்கொள்வாள் என்றார்கள். மாட்டின் பெயர் லித்தாகோ என்றாள். மாடு திரும்பிப் பார்த்தது. அதற்கும் தலையாட்டினார்கள். சொந்தக்காரிக்குப் பெயர் தெரியாமலா இருக்கும்? கொடுக்கிற சாட்சி ஒவ்வொன்றும் அவளுக்கே வாலாக முளைத்தது.

ஐவின் என்று ஒரு பெரிய பண்ணைக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "தல்லாக் தம்பி, விட்டுக்கொடுக்காதே. இது நம்ம ஊருக்கு வந்த அதிர்ஷ்டம். முதல் கன்னு எனக்குன்னு பேசியிருக்கோம், மறந்துடாதே." அவர் தல்லாக்கைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கியதே மாடு வந்த பிறகுதான். அதற்கு முன்னால் அவன் வணக்கம் சொன்னால் குதிரையைத்தான் பார்ப்பார்.

"இந்தம்மாவுக்கு ஒரே வழிதான்" என்றார் ஐவின். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோயிலுக்கு வரட்டும். மணிச் சத்தத்துல ஹுல்டருக்கு வால் அறுந்து விழுந்துடும். விழுந்தா மாடு தல்லாக்குக்கு. விழலைன்னா மனுஷின்னு ஒத்துக்கறோம்."

"வர்றேன்" என்றாள் ஓஸ்னே. "முன்வரிசையிலயே உக்காருறேன். நல்லாப் பாத்துக்கங்க. மாட்டையும் கோயில் வாசல்ல கொண்டுவந்து கட்டணும். தீர்ப்பு முடிஞ்ச கையோட ஓட்டிட்டுப் போயிடுவேன்."

சாயங்காலம் அவள்தான் லித்தாகோவைக் கறந்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. கறந்துகொண்டே கொட்டகையை ஒரு நோட்டம் விட்டாள். தரையில் புதுப் புல். மூலையில் காற்று வராமல் பாசியால் அடைத்த சுவர். மாட்டின் கழுத்தில் புதிதாகச் செதுக்கிய மரவளையம்; அதில் இலையும் கொடியுமாக வேலைப்பாடு. இவ்வளவு நன்றாக அவள் தம்பி தன் பெண்டாட்டியைக்கூட வைத்திருக்கவில்லை.

தல்லாக் பாலேட்டுக் கஞ்சி கொண்டுவந்து வைத்தான். பிறகு கைக்கு வேலை வேண்டுமே என்று, அவள் கொண்டுவந்த மணியில் இற்றுப்போன வாரைத் தைத்துக் கொடுத்தான். மரவளையத்தைக் கழற்றி, மணியை மாட்டின் கழுத்தில் கட்டினான். வார் போய் உட்கார்ந்த இடத்தில் ஏற்கெனவே மயிர் தேய்ந்த ஒரு தடம் இருந்தது. அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"காணாச் சனம் மாட்டுக்கு மணி கட்டமாட்டாங்க" என்றான் மெதுவாக. "சத்தம் கேட்டா நமக்குத் தெரிஞ்சுடுமே."

"இப்பத்தான் விடியுதா உனக்கு?"

"நீங்க… நெஜமாவே மனுஷிதானா?"

"உன் அம்மாவைக் கூப்பிடு, இன்னொரு சுத்து வேணா சுத்தறேன்."

அவன் சிரித்தான். உடனே முகம் வாடியது. வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டான். "பனிக்கோழிக்குக் கண்ணி வைக்கத்தான் மேல வந்தேன். பனியில இதைப் பாத்ததும் கை கால் ஓடல. கத்தியைத் தேடக்கூட பயந்துக்கிட்டு மாட்டைப் புடிச்சிக்கிட்டு ஓடியாந்துட்டேன். அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. மாடு வந்ததுலேர்ந்து ஊர்க்காரங்க வழியில நிக்க வச்சுப் பேசறாங்க என்கிட்ட. ஆனா உங்க மாடு உங்க மாடுதான். நாளைக்குக் கோயில்ல எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்."

"சொன்னா என்ன ஆவும்?"

"பாதி ஊரு திருடன்னும், மீதி ஊரு முட்டாள்னும் சொல்லும். பழகிக்கணும்" என்றான். "நீங்க கஞ்சியைக் குடிங்க, ஆறிடும்."

ஓஸ்னே குடித்தாள். நல்ல கஞ்சி. அவள் எத்தனையோ ஆண்களைக் கஞ்சிக்கிண்ணத்துக்கு எதிரில் உட்கார வைத்துப் பார்த்தவள். ஒருவனும் உன் கஞ்சி ஆறிவிடும் என்று சொன்னதில்லை. மாட்டை மீட்டுக்கொண்டு போக வந்தவளுக்கு, இந்த நெட்டையனை ஊர்ச் சிரிப்புக்கு நடுவில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததும் முதலில் பயம்தான் வந்தது; கிண்டல் செய்ய ஒரு வார்த்தையைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"உனக்குன்னு பேசி வச்ச பொண்ணு யாராவது இருக்காளா?" என்று கேட்டாள்.

"எனக்கா? யாரு வருவா?"

"ஓஹோ. சரி, நாளைக்கு நீ வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன். அப்புறம் இன்னொண்ணு. என்னை இனிமே அம்மணின்னு கூப்பிடாதே."

"சரிங்க அம்ம… சரிங்க."

மறுநாள் தேவாலயத்தில் அவ்வளவு கூட்டத்தை அந்தப் பாதிரியார் கிறிஸ்துமஸுக்கும் பார்த்ததில்லை. அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று இன்றுவரை அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாக் கண்ணும் முன்வரிசைப் பாவாடை மேல்தான். மணி அடித்தது. ஒன்றும் விழவில்லை. பாட்டு வந்தது. ஓஸ்னே மாடழைக்கிற குரலில் பாடினாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, வெளியே கட்டியிருந்த லித்தாகோ பதில் கொடுத்தது. அப்போதும் ஒன்றும் விழவில்லை. ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகு, ஐவின் நம்பிக்கை இழக்காமல் கோயில் பணியாளை அனுப்பி பெஞ்சுக்கு அடியில் தேடச் சொன்னார். அந்தப் பணியாளோ போன வருஷம் தான் தொலைத்த கையுறையைக் கண்டுபிடித்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

"மனுஷிதான் போலருக்கு" என்றார் ஐவின், ஏமாற்றமாக. ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் முகம் மாறியது. "அப்படின்னா மாடும் மனுஷ மாடுதான். அப்ப தல்லாக்கு செஞ்சது…"

கூட்டம் தல்லாக்கைத் திரும்பிப் பார்த்தது. அவன் வெளுத்துப்போய் ஒரு அடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். ஓஸ்னே முந்திக்கொண்டாள்.

"இருங்க ஐயா. எனக்கு ஒரு சந்தேகம். உங்க ஊரு சட்டப்படி, இரும்பு தாண்டிப் போனா போனதுதானே?"

"ஆமா, அது வந்து…"

"அது வந்துன்னா? முதல் கன்னுக்குப் பேசி வச்சது நீங்கதானே? ஆள் பாத்து மாறுமா சட்டம்? தாண்டினா சொந்தமா, இல்லையா?"

கன்றுக்குட்டி என்றதும் ஐவின் நிமிர்ந்தார். "சொந்தம்தான். மாறவே மாறாது. ஆயிரம் வருஷத்துச் சட்டம்."

"எல்லாரும் கேட்டுக்கங்க. மாடு தல்லாக்கோடது. அவரு திருடல. இரும்பு போட்டு எடுத்தாரு. நான் ஒத்துக்கறேன்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. தல்லாக் ஒன்றும் புரியாமல் நின்றான். அவ்வளவு தூரம் நடந்து வந்தவள், வாழ்க்கையில் தனக்கென்று இருந்த ஒரே பொருளை இப்படித் தூக்கிக் கொடுக்கிறாளே என்று அவன் கண் கலங்கிவிட்டது. "இது நியாயமில்ல" என்று தொடங்கினான்.

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்ல?" என்றாள் ஓஸ்னே. "கொஞ்சம் தள்ளி நில்லு. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே நில்லு."

பைக்குள் கையை விட்டாள். கத்தி வெளியே வந்தது. ஒரு வீச்சு. அது தல்லாக்கின் தலைக்கு மேலாகப் பளபளவென்று பறந்து, அவன் தொப்பியைத் தட்டிவிட்டு, பின்னால் இருந்த மரவாசல் தூணில் போய்க் குத்தி நின்றது.

எல்லோர் கண்ணும் தூணில் குத்தி நின்ற கத்தி மேல்தான். லித்தாகோ மட்டும் புல் மென்றுகொண்டிருந்தது.

"தாண்டிடுச்சு" என்றாள் ஓஸ்னே. குரல் கொஞ்சம் நடுங்கியது, அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "எல்லாரும் பாத்தீங்க. மாடு இவரோடது. இவரு என்னோடது. ஐயா, சட்டம் மாறாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

முதலில் சிரித்தது பாதிரியார். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஐவின்கூடச் சிரித்துவிட்டார், கன்று போகிறதே என்ற வருத்தத்தோடு. அந்தச் சிரிப்பில் தல்லாக்கைக் குத்துகிற முள் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு பெண் கோயில் வாசலில் கத்தி வீசி எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், இவனிடம் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்ற மரியாதைதான் இருந்தது.

தல்லாக் குனிந்து தொப்பியை எடுத்தான். "நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"என் மாடு மேல நீ இரும்பு போட்டப்ப அது ஏதாவது சொல்லுச்சா?"

"இல்ல" என்றான். காதுவரை சிவந்திருந்தான். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். தூணிலிருந்து கத்தியைப் பிடுங்கி இடுப்பு உறையில் செருகினான். மாட்டின் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "அது மாதிரியே நானும் பேசாம வர்றேன், ஓஸ்னே."

"அடேய், அப்ப நான்?" என்று பின்னாலிருந்து சிக்னே அழுகிற குரலில் கேட்டாள். "வயசான காலத்துல நான் யாரைச் சுத்தறது?"

ஓஸ்னே பைக்குள் இருந்த காலுறைப் பின்னலிலிருந்து ஒரு எஃகு ஊசியை உருவி, சிக்னேயின் தலைத்துணிக்கு மேலாக வீசினாள். "நீங்களும்தான் அத்தை. மூட்டையைக் கட்டுங்க."

முறைப்படி தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவித்துக் கல்யாணம் நடந்ததெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது அவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கிய நாளைப் பற்றி. கத்தி வீசியதற்கு மறுநாள் மத்தியானம். நல்ல வெயில். லித்தாகோவின் மணிச் சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்தோம். முன்னால் ஓஸ்னே, வாய் நிறையச் சிரிப்போடு. அவள் அப்படிச் சிரித்து வந்ததுதான் எங்களுக்கே கலக்கமாக இருந்தது. நேரி மாடிக்கு ஓடிப்போய் சன்னல் வழியே தலையை நீட்டினான். ஒரு கையில் வேதப் புத்தகம், இன்னொரு கையில் கோடாலி.

"அக்கா! அங்கயே நில்லு! திரும்பி முதுகைக் காட்டு!"

"எதுக்குடா?"

"நீ நீதானா, இல்ல அவங்க மாத்தி அனுப்பினவளான்னு தெரியணும். வால் இருக்கான்னு பாக்கணும்!"

ஓஸ்னே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இருக்குடா தம்பி. கிளம்பறப்ப இல்ல, இப்ப இருக்கு" என்றாள். கட்டை விரலால் தோளுக்குப் பின்னால் காட்டினாள். "அதோ, மாட்டைப் புடிச்சிக்கிட்டு வேலியோரமா வருது பாரு, நெட்டையா. நல்லாப் பாத்துக்க. இனிமே நான் எங்க போனாலும் கூடவே வரும்."

தல்லாக் தொப்பியைக் கழற்றி, சன்னலைப் பார்த்து மரியாதையாக வணக்கம் சொன்னான்.